இயந்திரம் துணையாகுமா?

(சோளக்காடு ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

அரபு மொழியில் மனிதனுக்கு ‘இன்ஸான்’ என்று பெயர். இச்சொல்லின் வேர் குறித்து மொழியறிஞர்கள் இரு கருத்துகள் கூறுவர். ‘நிஸ்யான்’, அதாவது மறதி என்பதிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். ‘உன்ஸ்’, அதாவது நெருங்கிப் பழகி ஆறுதல் கொள்ளுதல் என்பதிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். இரண்டுமே நமக்குப் பொருந்தும். பிறருடன் பழகாமல் நம்மால் வாழ இயலாது. ஆயினும் நம்முடன் பழக ஏங்குவோரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த மறதி உண்டாக்கிய வெற்றிடத்தில் இன்று இயந்திரம் வந்து அமர்ந்திருக்கிறது.

இது நேற்று முளைத்த செய்தியன்று. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் ‘எலிசா’ என்னும் கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் சொற்களையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலை. அது வெறும் நிரல் என்பதை நன்கறிந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனித்து உரையாட வேண்டும் என்று கூறி, அவரை அறையைவிட்டு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டார். அதிர்ந்துபோன வைசன்பாம் பின்னாளில் இத்தகைய கணினி மோகத்தைக் கடுமையாக எச்சரிப்பவராகவே மாறினார்.

ஜப்பானில் சோனி நிறுவனம் 1999இல் ‘ஐபோ’ என்ற இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் உற்பத்தி நின்றது. பின்னர் பழுதுபார்ப்பதும் நின்றது. செயலிழந்த அந்நாய்கள் நூற்றுக்கணக்கானவற்றிற்கு அந்நாட்டின் பௌத்த ஆலயம் ஒன்றில் இறுதிச் சடங்கே நடத்தப்பட்டது. 2017இல் ‘ரெப்ளிகா’ என்ற உரையாடல் செயலி வந்தது. 2023 பிப்ரவரியில் அதன் பேச்சுமுறையை நிறுவனம் மாற்றியபோது, பயன்படுத்தியோர் பலர் உற்றாரை இழந்தவர்போல் துயருற்றனர். இன்று இத்தகைய செயலிகள் தமிழிலும் பேசுகின்றன. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவை நம் மலைக்கும் கைபேசி வழியாக வந்துவிட்டன.

திரைப்படங்களைப் பற்றி இங்கு பேசுவது நம் வழக்கமன்று. ஆயினும் 2019இல் மலையாளத்தில் வெளிவந்து, 2022இல் தமிழில் ‘கூகுள் குட்டப்பா’ என்று எடுக்கப்பட்ட படத்தின் கதை சிந்திக்கத்தக்கது. மகன் பிழைப்புக்காக வெளிநாடு செல்கிறான். கிராமத்தில் தனித்திருக்கும் தந்தைக்குத் துணையாக ஓர் இயந்திரத்தை வைத்துச் செல்கிறான். நாளடைவில் தந்தை அதனையே மகனாகப் பாவிக்கத் தொடங்குகிறார். பிள்ளைகள் நாமக்கல்லிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் எஞ்சும் வீடுகளை அறிந்த நமக்கு இது கற்பனையாகத் தோன்றவில்லை.

சகோதரர்களே! இயந்திரத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. 2020இல் கொரோனா பரவிய வேளையில் திருச்சி அரசு மருத்துவமனை நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் எடுத்துச் செல்ல ரோபோக்கள் வழங்கப்பட்டன. ஜப்பானியர் உருவாக்கிய ‘பாரோ’ என்ற கடல்நாய்க் குட்டி வடிவப் பொம்மை, நினைவிழந்த முதியோரை அமைதிப்படுத்தப் பல நாடுகளில் பயன்படுகிறது. ஏவலுக்கு இயந்திரம் நன்று. உறவுக்கு அது போதுமா என்பதே கேள்வி.

உரையாடும் செயலி என்பது, மனிதர் எழுதிக் குவித்த கோடானுகோடிச் சொற்களைக் கொண்டு பயிற்றப்பட்டு, அடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணித்துக் கூறும் ஏற்பாடு. அதற்கு நம்மால் ஆக வேண்டியது எதுவுமில்லை, பசியில்லை, நோயில்லை. நம்மால் அது புண்படுவதில்லை. ஆகவே நம்மை மன்னிக்கவும் அதற்கு இயலாது. நாம் நம்பிச் சொல்லும் இரகசியமோ அமானிதமாக ஒரு நெஞ்சில் தங்காமல், ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் சேர்கிறது. அமெரிக்காவில் இத்தகைய செயலியுடன் நெருங்கிப் பழகிய பதின்வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தபின், அவனுடைய தாயார் 2024இல் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

இருப்பினும் இயந்திரத்திடம் பேசுபவரைப் பழிக்காதீர்கள். அவரிடம் பேசாதிருந்தவர் யார் என்று கேளுங்கள். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், தனிமையுடன் தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000க்கும் மேல் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் மதிப்பிட்டுள்ளது.

ஸலாமுக்குப் பதில் கூறுதல், நோயாளியை நலம் விசாரித்தல், அழைப்பை ஏற்றல், தும்மியவருக்குத் துஆச் செய்தல், ஜனாஸாவைப் பின்தொடர்தல் ஆகியவற்றை ஒருவர் மற்றவருக்கு ஆற்ற வேண்டிய கடமைகளாக நம் மார்க்கம் வகுத்துள்ளது. இவற்றுள் கடைசிக் கடமையில் நாம் குறை வைப்பதில்லை. மவுத்துச் செய்தி கேட்டால் சந்தைக் கடையை அடைத்துவிட்டு ஓடி வருகிறோம். தோள் கொடுக்கப் போட்டியிடுகிறோம். அதே மனிதர் மூன்றாண்டுகள் படுக்கையில் கிடந்தபோது, அவ்வீட்டு வாசலை மிதித்தவர் எத்தனை பேர்? சந்தூக்கின்மேல் வைக்கும் கையை, அவர் உயிரோடிருக்கும்போது அவர் கையின்மேல் வைத்திருக்கலாகாதா?

ஆகவே, ஜமாஅத் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தனித்திருக்கும் முதியோர், நோயாளிகள் ஆகியோரின் பட்டியலைச் சந்தாப் பதிவேட்டுடன் சேர்த்து எழுதுங்கள். வாரந்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் இருவர் முறைவைத்துச் சென்று, அரை மணி நேரமேனும் அவர்களுடன் அமர்ந்து வாருங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே! பணம் அனுப்பிய செய்தியோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்; பழைய கதையை அத்தா பத்தாம் முறை சொன்னாலும் கேளுங்கள். பெற்றோர்களே! பிள்ளை கைபேசியிடம் சொல்வதை உங்களிடம் சொல்ல ஏன் அஞ்சுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். கண்டிப்பதற்கு முன் செவிகொடுங்கள்.

மறதியை நீக்கி, ஒருவருக்கொருவர் ஆறுதலாக வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.