விட நினைத்தவர்களுக்கு ஒரு மாத்திரை



பஞ்சாபில் ஹெராயினை ‘சிட்டா’ என்கிறார்கள். அது எத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது என்று 2015-இல் தில்லி எய்ம்ஸ் நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள். அபின், ஹெராயின் வகைப் போதைக்கு அடிமையானவர்கள் ஏறத்தாழ 2.3 லட்சம் பேர் என்று தெரிந்தது. அநேகமாக எல்லாரும் ஆண்கள். நான்கில் மூவர் 18 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்கள்.

அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்திதான் நெஞ்சைச் சுடுகிறது. பத்தில் எட்டுப் பேர் பழக்கத்தை விட்டுவிட முயன்றிருந்தார்கள். ஏதாவது ஓர் உதவி கிடைத்ததோ, மூன்றில் ஒருவருக்குத்தான்!

அதற்கு முந்தைய ஆண்டுதான் போலீசார் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துச் சிறையில் அடைத்திருந்தார்கள். கடத்தல்காரனைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் நோயாளியைப் பூட்டி வைத்தால் நோய் தீருமா? ஹெராயின் திடீரென நின்றால் உடம்பெல்லாம் முறுக்கி வலிக்கும், வயிற்றுப்போக்கு கண்டுவிடும், இரவெல்லாம் தூக்கம் வராது. அதைத் தாண்டி வருபவருக்கும் பேராபத்து உண்டு. சில வாரம் நிறுத்தியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து ஒரே ஒரு முறை அதே அளவு ஏற்றிக்கொண்டால் மூச்சே நின்றுபோகலாம்.

2017 அக்டோபரில் மாநில அரசு வேறு வழியில் இறங்கியது. அமிர்தசரஸ், தரண் தாரண், மோகா மாவட்டங்களில் புறநோயாளி மையங்களைத் திறந்தது. அங்கே தருவது பியூப்ரினார்ஃபின், நலாக்சோன் கலந்த மாத்திரை. நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட்டால் வலியும் ஏக்கமும் அடங்கும். ஆள் வேலைக்குப் போகலாம். கரைத்து ஊசியில் ஏற்றினால் நலாக்சோன் வேலை காட்டிவிடும். போதைக்குப் பதில் அந்தப் பழைய வேதனைதான் மிஞ்சும்.

“ஒரு போதைக்கு இன்னொன்றா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போலத்தான் இதுவும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும்.

மாத்திரைக்காகத் தினமும் மையத்துக்கு வந்து நின்றவரின் அன்றைய கூலி என்னாவது? 2020 ஊரடங்கின்போது பல நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசு அனுமதித்தது. மையங்களின் எண்ணிக்கையும் பின்னாளில் 500-ஐத் தாண்டியது. பெண்களுக்கென்று கபூர்தலாவில் ஒரு மையம் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுகிற பெண், மாவட்டம் தாண்டி அங்கே போய்ச் சேருவது எளிதா? அவள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே மனநல மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் இருக்க வேண்டும், அந்த மாத்திரையும் கிடைக்க வேண்டும்.