அடை மழையில் கூரை மாற்றினோம்
(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது)



இங்கே பேசினவங்க மாடு வாங்கினது, கடை வைத்தது என்று நல்ல சேதியாகச் சொன்னாங்க. நாங்க சொல்லப் போறது எங்க குழு செய்த ஒரு தப்பு.

2024 சித்திரையில் எங்கள் குழு அக்கா ஒருத்தங்க கூரை மாற்ற 15,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. முகட்டுக் கீற்று மக்கிப் போயிருந்தது. ஆனால் அவங்களுக்கு இரண்டு தவணை பாக்கி. "பாக்கியைக் கட்டிட்டுக் கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அந்த மாதப் பணத்தை இன்னொரு உறுப்பினர் வீட்டுக் காதுகுத்துக்குக் கொடுத்தோம். தீர்மான நோட்டில் எல்லோருமே கையெழுத்துப் போட்டோம். காதுகுத்து வேண்டாம்னு சொல்லலை. அதைத் தையில் வைத்துக்கலாம். மழையைத் தள்ளி வைக்க முடியுமா?

ஐப்பசியில் அடை மழை பிடித்தது. ஒரு ராத்திரி வடக்குப் பக்கம் கைமரம் முறிந்து கூரை உள்வாங்கிவிட்டது. அக்கா பிள்ளைகளை ஒரு மூலையில் உட்கார வைத்து, விடிய விடிய அண்டாவிலும் குண்டானிலும் தண்ணீர் பிடிச்சாங்க. மாமியாருக்குக் காய்ச்சல். காலையில் அவசரக் கூட்டம் போட்டோம். பாக்கியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, அப்போது எங்கள் தெருவில் பாதிக் கூரை பறந்தது. எல்லோருக்கும் போனதால் நிவாரணம் வந்தது. ஒரு வீட்டுக் கூரை மட்டும் ஒழுகினால் யார் வருவாங்க? குழுதான் போகணும்.

மழைக்காலத்தில் கூரையை முழுசாகப் பிரிக்கக் கூடாது. இதைச் சொன்னது எங்களுக்குக் கூரை வேய்ந்து கொடுத்த பெரியவர். மழையும் வாடைக்காற்றும் வடக்கிலிருந்துதானே அடிக்குது, அதனால் அந்தப் பக்கத்தை முதலில் பிரித்தோம். தெற்குப் பக்கம் பழைய கூரை அப்படியே இருந்தது. பிள்ளைகளும் பானை சட்டியும் அதன் கீழே. அதற்கு முன்னாடி சுவரைப் பார்த்தோம். மண் சுவர் ஊறியிருக்கும்போது மேலே ஆள் ஏறினால் சுவரே சரிஞ்சிடும். சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏறினாங்க.

தார்ப்பாயில் நாங்க ஒரு பாடம் படிச்சோம். பிரித்த பக்கத்தை மட்டும் மூடிக் கட்டினோம். முகட்டு இடுக்கு வழியாகத் தண்ணீர் நேராக அடுப்பு மேலேயே இறங்கியது! பிறகு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் நாலு முழம் தொங்குகிற மாதிரி போட்டுக் கட்டினோம். சொட்டுக்கூட இறங்கலை.

நனைந்த கீற்றை அப்படியே அடுக்கி வேய்ந்தால் காற்றோட்டம் இல்லாமல் சீக்கிரம் மக்கிவிடும். ஆகவே கீற்றை எங்கள் வீட்டுத் திண்ணைகளில் பிரித்துச் சாய்த்து வைத்தோம். மழை வெறித்த நேரமெல்லாம் ஆளுக்கு ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் வேலை ஆறு நாள் இழுத்தது. சாப்பாடு முறை வைத்துப் போட்டோம்.

செலவு 19,000 ரூபாய். மழையில் ஆள் கூலி கூடுதல், வண்டி வாடகை கூடுதல், தார்ப்பாய் வேறு. சித்திரையில் செய்திருந்தால் 15,000 ரூபாயோடு முடிந்திருக்கும். அந்த 4,000 ரூபாயை அக்கா தலையில் கட்டுவதா என்று இரண்டு கூட்டம் சண்டை போட்டோம். கடைசியில், தாமதம் குழுவுடையது என்பதால் குழுவின் வட்டி வருமானத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். இன்றைக்கும் இதில் வருத்தப்படுகிற உறுப்பினர்கள் இரண்டு பேர் இருக்காங்க. அவங்க சொல்வதிலும் நியாயம் இருக்கு.

அரசு வீடு வாங்கலாமே என்று கேட்பீங்க. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்பது எங்களுக்கும் தெரியும். அக்கா மனுக் கொடுத்திருக்காங்க. வீடு வருகிற வரைக்கும் தலைக்கு மேலே ஒன்று வேணுமே.

கூட்டமைப்பிடம் எங்கள் கோரிக்கை இது. மாசி, பங்குனி மாதக் கூட்டங்களில் கூரைக் கடன் மனுவை முதலில் எடுக்கணும். பாக்கி இருந்தாலும் வீட்டைப் போய்ப் பார்க்காமல் தள்ளுபடி செய்யக் கூடாது. எங்கள் குழுவில் இப்போது இப்படித்தான் நடக்குது.

வாங்கின தார்ப்பாய் இரண்டும் குழுச் சொத்தாக எங்கள் ஊக்குநர் வீட்டுப் பரணில் இருக்கு. பக்கத்துக் குழுக்கள் தாராளமாகக் கேட்கலாம். திருப்பித் தரும்போது மட்டும் நல்லா காய வைத்து மடித்துக் கொடுங்க. போன தடவை ஈரத்தோடு வந்து பூஞ்சை பிடிச்சுப் போச்சு.