தேறிய பிள்ளை கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும்

(மும்பைத் தமிழர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று தாராவியில் இனிப்பு வழங்காத சந்து இல்லை. தொண்ணூறு அடி சாலையில் பிள்ளைகளின் படம் போட்டுப் பேனர் கட்டுகிறோம். கட்டத்தான் வேண்டும். ஆனால் ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பேனரில் இருந்த முகங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு தம்பி தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருப்பான். ஒரு தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம் அண்ணே" என்பார்கள். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை. இவர்கள் மதிப்பெண் குறைந்து நின்றவர்களா? இல்லை தோழர்களே. தேர்வில் வென்று, சேர்க்கையில் தோற்றவர்கள்!

இது நமக்கு மட்டும் வந்த நோய் அல்ல. அமெரிக்காவில் இதற்குக் 'கோடைக் கரைசல்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். காசில்மன், பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். கல்லூரிக்குப் போவது என்று முடிவு செய்த பிள்ளைகளில் நூற்றுக்கு 10 முதல் 40 பேர் வரை அந்தக் கோடையிலேயே கரைந்துபோகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. கரைகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதிக்கப் போகிறவர்கள். படிவம் புரியவில்லை, பணம் கட்டும் தேதி தெரியவில்லை, கேட்க ஆள் இல்லை. விவரம் தெரிந்த ஒருவர் சில மணி நேரம் கூட இருந்து உதவினாலே கூடுதலான பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

தமிழ்நாட்டு அரசு இதை உணர்ந்தது. 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 2023-இல் 'உயர்வுக்குப் படி' முகாம்களை நடத்தி, பன்னிரண்டாவது முடித்தும் கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்தது. அங்கே அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் 'புதுமைப்பெண்', பையன்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' என்று மாதம் 1000 ரூபாயும் உண்டு. மும்பையில் படித்த நம் பிள்ளைக்கு அது கிடையாது. இங்கே நம்மைத் தேடி வர எந்த முகாமும் இல்லை. ஆகவே நாமே தேட வேண்டும்.

நம் பிள்ளைகள் எங்கெங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று சொல்கிறேன்.

முதலாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். இந்த மாநிலத்துப் படிவமோ குடும்பப் பெயர், தன் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் என்று நான்கு கேட்கிறது. பள்ளியில் ஒரு விதம், ஆதாரில் வேறு விதம், ரேஷன் கார்டில் மூன்றாவது விதம். ஒரே பிள்ளை காகிதத்தில் மூன்று பிள்ளையாகிவிடுகிறது! இதைத் திருத்துவது ஜூன் மாதத்து வேலை அல்ல. முந்தைய தீபாவளிக்குள் முடிக்க வேண்டிய வேலை.

இரண்டாவது, சான்றிதழ். இருப்பிடச் சான்றுக்கு இந்த மாநிலத்தில் 15 ஆண்டு குடியிருந்ததைக் காட்ட வேண்டும். வருமானச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம் போக வேண்டும். பாட்டி வீட்டில் இருந்து திருநெல்வேலியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு இங்கே வரும் பிள்ளைக்கு, அந்த வாரியத்தின் இடப்பெயர்வுச் சான்றும் மும்பைப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் தேவை. லீவிங் சர்டிபிகேட்டில் தாய்மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகள் தத்தம் மொழிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குகின்றன. தமிழுக்கு எந்தக் கல்லூரியில் இடம் உண்டு என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

மூன்றாவது, சாதிச் சான்று. இதில்தான் நம் மக்கள் ஏமாந்து நிற்கிறார்கள். சிறு வயதில் ஆந்திரத்திலிருந்து மும்பைக்கு வந்த மர்ரி சந்திரசேகர ராவ் என்ற மாணவர், இங்குள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டார். ஒரு மாநிலத்துப் பட்டியலில் இருப்பதால் மட்டும் இன்னொரு மாநிலத்தில் அந்தச் சலுகை கிடைக்காது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்டு 10-க்கும், இதர பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13-க்கும் முன்பே தம் குடும்பம் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். அந்தச் சாதி இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். சாதிக் கொடுமை ரயில் ஏறி நம்மோடு வந்தது. அதற்கான பரிகாரம் மட்டும் எல்லையில் இறக்கிவிடப்பட்டது! இந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுப்போம். ஆனால் அதுவரை பிள்ளையின் படிப்பை நிறுத்தி வைக்க முடியாது. தாத்தாவின் பழைய பள்ளிப் பதிவு, மில் சீட்டு, வாடகை ரசீது எது இருந்தாலும் தேடி எடுங்கள். தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியபோது வீட்டுக்காகப் பெட்டி பெட்டியாகக் காகிதம் தேடினோமே, அதே அக்கறை பிள்ளைக்கும் வேண்டாமா?

நான்காவது, நாள். மே மாதம் ஊரில் கோயில் கொடை; குடும்பத்தோடு ரயில் ஏறிவிடுகிறோம். இங்கே அதே வாரங்களில்தான் பல்கலைக்கழகப் பதிவும் தகுதிப் பட்டியலும் நடக்கின்றன. பட்டியலில் பெயர் வந்தால் சில நாட்களுக்குள் பணம் கட்டியாக வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ரயில்வே எழுத்தன் சொல்கிறேன்: கடைசி நேரத்தில் திரும்பி வர டிக்கெட் கிடைக்காது. கொடைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பன்னிரண்டாவது எழுதிய பிள்ளையும் பெரியவர் ஒருவரும் மும்பையில் இருக்கட்டும். முதல் தவணைப் பணத்தைக் கொடை வரிக்கு முன்னால் எடுத்து வையுங்கள். பி.எம்.எஸ்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற படிப்புகளுக்கு 2024 முதல் நுழைவுத் தேர்வும் வந்துவிட்டது. முடிவு வந்த பிறகு விசாரித்தால் காலம் கடந்திருக்கும்.

உழைத்துப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் பட்டம் பெற வேண்டும் என்றுதான் பாபாசாகேப் அம்பேத்கர் 1946-இல் இதே நகரத்தில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரி இன்றும் இருக்கிறது. அதன் வாசல் வரை கூட்டிப்போக ஆள்தான் வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எங்கும் சால் சாலாகப் பன்னிரண்டாவது எழுதியவர்களின் பட்டியல் எடுப்போம். பத்துப் பிள்ளைக்கு ஒரு தொண்டர். கைப்பேசியில் செய்தி அனுப்பினேன், கடமை முடிந்தது என்று எந்தத் தொண்டரும் இருந்துவிடக் கூடாது. பிள்ளையோடு கல்லூரிக்குப் போய், கட்டணம் கட்டிய ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் குறியிட வேண்டும். கல்லூரியில் சான்று வாங்கி, ரயில் சீசன் டிக்கெட்டின் மாணவர் சலுகையையும் பெற்றுத் தர வேண்டும். பகலில் வேலைக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைக்கு இரவுக் கல்லூரி உண்டு; நாசிக்கில் 1989-இல் தொடங்கிய யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. "அடுத்த வருஷம்" என்ற பேச்சுக்கே இடம் தரக் கூடாது.

தாய்மார்களே, பெண் பிள்ளைகள் விஷயத்தில் உங்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கை முடியும் வரை கல்யாணப் பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் சாலில் தேர்வு எழுதியிருக்கும் பிள்ளைகளின் பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள். தொண்டராக வர விரும்புகிறவர்கள் தங்கள் பெயரை அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.