ஊடகத் தொண்டும் உள்ளன்பும்
(ஆலயத் தொண்டூழியர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரை)



சமூக ஊடகங்களில் விளம்பரப் பணி செய்யும் குழுவினர் தங்களுக்குள் பழக வேண்டிய முறை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். 'ஆலயத்துக்கு விளம்பரம் எதற்கு? தெய்வம் அழைத்தால் பக்தர் வருவார்' என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான எண்ணந்தான். ஆனால் அழைப்பு என்பது நமக்குப் புதிதன்று. திருவிழா அழைப்பிதழை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழில் ஆலய அறிவிப்புகளைத் தேடிப் படித்தவர்கள் நம் பெற்றோர். இன்று அந்த அழைப்பு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போகிறது. கருவி மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை.

அந்தக் கடமையின் அருமையைக் கொவிட் காலத்தில் உணர்ந்தோம். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் நோய்த்தடுப்புக் கட்டுப்பாடுகள் தொடங்கியபோது, ஆலயக் கதவுகள் பக்தர்களுக்கு மூடியிருந்தன. 2021 தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோட்டுக்குச் செல்லும் பாத ஊர்வலம் நடைபெறவில்லை. இணையத்தில் முன்பதிவு செய்தவர்களே தரிசனத்துக்கு வர முடிந்தது. 2023இல்தான் ஊர்வலம் மீண்டும் நடந்தது. அந்நாட்களில் பூசை எத்தனை மணிக்கு, யார் வரலாம் என்ற செய்தியெல்லாம் கைத்தொலைபேசி வழியாகவே பக்தர்களைச் சென்றடைந்தது. செய்தி தவறினால் பக்தர் தவித்துப்போவார்.

அப்படி ஒருமுறை தவிக்க வைத்த குழுவுக்குப் பொறுப்பாளனாக இருந்தவன் நான். அந்த அனுபவத்தை மறைக்காமல் சொல்வதே இன்றைய உரைக்குப் பொருத்தமாக இருக்கும்.

எங்கள் ஆலயத்தின் ஊடகக் குழுவில் ஆறு பேர். படங்களை வடிவமைப்பவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். கை தேர்ந்தவர், ஆனால் ஆங்கிலம் வாசிக்கும் வேகத்தில் தமிழ் வாசிக்க வராது. தமிழைச் சரிபார்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நாங்கள் எல்லாரும் அவரை 'டீச்சர்' என்றே அழைப்போம். ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பொன்றில் ஒற்றுப்பிழை இருப்பதாக டீச்சர் எழுதினார். நான் அலுவலகத்தில் வேலை நெருக்கடியில் இருந்தேன். "டீச்சர், ஒற்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. போகட்டும் விடுங்கள்" என்று எழுதிவிட்டேன். இளையர் இருவர் அதற்குச் சிரிக்கும் முகத்தைப் போட்டார்கள். டீச்சர் பதில் எழுதவில்லை. நானும் அதை மறந்துபோனேன்.

அடுத்த வாரம் ஆடி வெள்ளித் திருவிளக்குப் பூசைக்கான அறிவிப்பு தயாரானது. ஆங்கிலப் பகுதியில் மாலை 7 மணி என்று சரியாக இருந்தது. தமிழ்ப் பகுதியில் 'காலை 7 மணி' என்று இருந்தது. ஆறு பேரும் பார்த்தோம். நால்வர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினோம். அறிவிப்பு வெளியே போய்விட்டது.

பூசை நாளன்று காலை ஆலயத்திலிருந்து குருக்கள் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, குத்துவிளக்கும் பூவும் எண்ணெயுமாக இருபது பெண்கள் மண்டபத்தில் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி உட்லண்ட்ஸிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்திருந்தார். பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லை தம்பி. ஆனா அடுத்த தடவை நான் எதை நம்பி வர்றது?" என்று மட்டும் கேட்டார்.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உடனே திருத்திய அறிவிப்பை வெளியிட்டோம். பழையதை ஃபேஸ்புக்கிலிருந்து நீக்கினோம். ஆனால் அது அதற்குள் எத்தனையோ குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிறர் கைக்குப் போன பிரதியைத் திரும்பப் பெற நம்மால் இயலாது.

மாலையில் டீச்சரிடம் கேட்டேன்: "நீங்களுமா கவனிக்கவில்லை?" அவர் தலைகுனிந்து சொன்னார்: "கவனித்தேன். சொன்னால் மறுபடியும் சிரிப்பார்களோ என்று இருந்துவிட்டேன். ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறதே, யாராவது பார்த்துத் திருத்துவார்கள் என்று நினைத்தேன்."

பிழை எங்கே நேர்ந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாணவர் தட்டெழுதிய சொல்லிலே அது தொடங்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் நான் எழுதிய ஒரு வரியிலே தொடங்கிவிட்டது. பிழை காட்டுபவரின் வாயை அடைத்த குழுவுக்குப் பிழை காட்ட யார் இருப்பார்கள்? குழுவின் முன்னால் சொன்ன சொல்லுக்குக் குழுவின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். தனியே கேட்டிருந்தால் அது பாதி மன்னிப்பாகவே இருந்திருக்கும்.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட வழக்கங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கட்டைவிரல் ஒப்புதல் ஆகாது. தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் என இருவர் சரிபார்க்க வேண்டும். அவர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி, கிழமை, நேரம், இடம் நான்கையும் தம் கைப்பட எழுதி அனுப்பிய பிறகே அறிவிப்பு வெளியாகும். பிழை கண்டவருக்கு முதலில் நன்றி சொல்வோம். காரணத்தைப் பிறகு ஆராய்வோம்.

இரண்டாவது, குறையைத் தனியே சொல்வோம். நிறையைப் பலர் அறியச் சொல்வோம். மனம் நோகக்கூடிய செய்தியானால் எழுதாமல் தொலைபேசியில் பேசுவோம். எழுத்துக்குக் குரல் கிடையாது. அன்பாக எழுதியதும் அதட்டலாகத் தோன்றும்.

மூன்றாவது, முதியோருக்கு விஷயம் தெரியும். இளையோருக்குக் கருவி தெரியும். இருவரும் அருகருகே அமர வேண்டும். இப்போது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அன்னதானக் கூடத்தில் கூடிப் பேசுகிறோம். மாணவர் டீச்சருக்குக் காணொளியை வெட்டிச் சுருக்கக் கற்றுக்கொடுத்தார். டீச்சர் அவரோடு உட்கார்ந்து ஒவ்வோர் அறிவிப்பையும் வாய்விட்டுப் படிக்க வைக்கிறார்.

நான்காவது, வெளியாரின் கடுஞ்சொல்லுக்குச் சூட்டோடு பதில் எழுதக்கூடாது. அன்னதான வரிசையைக் குறைகூறி ஓர் அன்பர் கோபமாக எழுதினார். எங்கள் இளையர் ஒருவர் அதே வேகத்தில் பதில் எழுதிவிட்டு, வழக்கப்படி அதை வெளியிடுமுன் இன்னொருவரிடம் காட்டினார். அவரோ அந்த அன்பரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். கைக்குழந்தையோடு நெடுநேரம் நின்றவராம் அவர். இப்போது குழந்தையோடு வருபவர்களுக்கும் முதியோருக்கும் தனி வரிசை இருக்கிறது. அந்தப் பதிலை வெளியிட்டிருந்தால் வரிசையும் மாறியிருக்காது, அந்த அன்பரும் திரும்ப வந்திருக்கமாட்டார்.

ஐந்தாவது, உபயதாரர்களைப் பற்றியது. பெயரும் படமும் வெளிவருவதைச் சிலர் விரும்புவர். சிலர் வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று நினைப்பர். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நம்மிடம் உள்ள விவரங்களைப் பொறுப்போடு கையாளச் சொல்கிறது. படம் எடுப்பவர் கேட்டறிந்ததை வெளியிடுபவரிடம் சொல்லாவிட்டால், நல்ல மனத்தோடு கொடுத்தவரை நாமே வருத்தப்படுத்திவிடுவோம்.

திருக்குறளில் பத்தாம் அதிகாரம் 'இனியவை கூறல்'. அதை அடுத்து வருவது 'செய்ந்நன்றி அறிதல்'. இனிமையாகச் சொல், நன்றியை மறவாதே என்ற இந்த வரிசையே கூட்டுப்பணிக்கு இலக்கணம் என்று நான் கொள்கிறேன். தமக்குள் இனிமையாகப் பேசத் தெரியாதவர்கள் ஆலயத்தின் சார்பில் ஆயிரம் பேரிடம் எப்படி இனிமையாகப் பேச முடியும்?

மறு ஆண்டு ஆடி வெள்ளிக்கு அந்த மூதாட்டி மீண்டும் வந்தார். நேரம் சரியாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் முதல் நாள் ஆலய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "மாலைதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வந்தார். அவர்மீது குறையில்லை. நம்பிக்கை ஒரு வரியில் போய்விடும். திரும்பி வர ஆண்டுகள் ஆகும். அவர் கேட்காமலே விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படும் நாளுக்காக எங்கள் குழு உழைத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஆலயங்களிலும் இத்தொண்டு சிறக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.