பூட்டு இருக்கட்டும்!

('வேகத்துக்குப் பூட்டு தேவையா, தேவையில்லையா?' என்ற பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில், 'தேவையே' என்ற அணியில் ஆவடியைச் சேர்ந்த ஆசிரியை பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி என்ன கேட்டார்? "காசு கொடுத்தவன் நான். வண்டி என்னுது, எஞ்சின் என்னுது. இதிலே கம்பெனிக்காரன் யார் பூட்டுப் போட?" என்று கேட்டார். நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, இதே கேள்வியை, இதே வார்த்தையிலே, எங்க வீட்டிலே ஒருத்தன் கேட்டான். அவனுக்கு நான் கை தட்டலே. (சிரிப்பு)

என் பையன்தான். இன்ஜினியரிங் முடிச்சான், வேலைக்குப் போனான், ரெண்டு வருஷச் சம்பளத்தைச் சேர்த்தான். பெத்தவ என்ன நினைப்பேன்? ஒரு பவுனு வாங்குவான், ஒரு சீட்டுக் கட்டுவான்னு நினைச்சேன். அவன் கார் வாங்கிட்டு வந்தான். புதுக் கார் இல்லே. பதினைஞ்சு வருஷத்துப் பழைய ஜெர்மன் கார். ஆறு சிலிண்டராம், மூணு லிட்டர் எஞ்சினாம். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்டான்னு கேட்டேன். "அம்மா, இந்த மாதிரி வண்டிக்கு அந்தக் கேள்வி கேக்கக் கூடாது"ன்னான். (சிரிப்பு)

எங்க தெருவிலே ஆறு ஸ்பீடு பிரேக்கர். அதிகாரிங்க போட்டது ரெண்டு, நாங்களே சிமெண்ட் குழைச்சுப் போட்டது நாலு. (சிரிப்பு, கைதட்டல்) அந்தக் கார் உயரமோ ஒரு முழம். ஒவ்வொரு மேட்டிலேயும் வயிறு இடிக்கும். என் வீட்டுக்காரர் இறங்கி, குனிஞ்சு பார்த்து, "வா வா வா, நில்லு நில்லு"ன்னு கை காட்டினாத்தான் வண்டி வீடு வந்து சேரும்.

இந்த வண்டிக்குத்தான் நடுவர் அவர்களே, 250 கிலோமீட்டர் வேகம் போதலையாம்!

விஷயம் இதுதான். அந்தக் கார் 250-ஐத் தொட்டதும், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் அதுக்கு மேலே எஞ்சினை விடாது. எஞ்சினிலே இன்னும் தெம்பு இருக்கு, ஆனா கம்பெனி பூட்டி வச்சிருக்கு. இது சட்டம் போட்ட பூட்டு இல்லே. ஜெர்மனியிலே ஆட்டோபான் என்கிற பெருஞ்சாலையிலே பல இடத்திலே வேக வரம்பே கிடையாது. அங்கே கார்கள் போட்டி போட்டுக்கொண்டு பறக்க ஆரம்பித்தபோது, 1980-களின் கடைசியிலே பெரிய கம்பெனிகள் தங்களுக்குள்ளே பேசி வச்ச வரம்பு அது. 1987-லே பி.எம்.டபிள்யூ தன்னுடைய 12 சிலிண்டர் காரையே 250-லே பூட்டித்தான் வெளியே விட்டது. ஜப்பான் இன்னும் கண்டிப்பு. உள்ளூரிலே விற்கிற கார்களை 180-லே பூட்டி வச்சாங்க. பூட்டு வந்தா கள்ளச் சாவியும் வருமே! "வண்டி இன்னும் 180-ஐத் தொடலே, தொடலே"ன்னு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்ற ஒரு குட்டி டப்பா கடையிலே வந்தது. எங்க வகுப்பிலே ஹோம் ஒர்க் எழுதாத பையனுக்குப் பக்கத்து சீட்டுக்காரன் சாட்சி சொல்ற மாதிரி. (சிரிப்பு)

இப்போ டப்பாகூட வேணாம். ஒரு லேப்டாப், ஒரு ஒயர். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, அந்த 250 என்கிற எண்ணை அழிச்சுட்டா முடிஞ்சது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கிட்டே ஞாயிற்றுக்கிழமை போறதா ஏற்பாடு. நான் சொல்லிப் பார்த்தேன், அவங்கப்பா சொல்லிப் பார்த்தார். கேட்கலே. கடைசியிலே எங்கப்பா வந்தார்.

எங்கப்பா அம்பத்தூர் டன்லப்பிலே முப்பது வருஷம் டயர் செய்தவர். எண்பது வயசு தாண்டியாச்சு. அவருக்கு எஞ்சினும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. வெத்தலையை மடிச்சு வாயிலே போட்டார். காரைச் சுத்தி வந்தார். முன் டயர் பக்கத்திலே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, டயரின் பக்கச் சுவரிலே விரலை வச்சு, கண்ணு தெரியாதவங்க எழுத்தைத் தடவிப் படிக்கிற மாதிரி தடவினார்.

"டேய் பேராண்டி, இங்கே நாலு நம்பர் இருக்கு பாரு. 2216. அப்படின்னா 2016-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செஞ்ச டயர். நீ பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ண வருஷம்டா இது. ரப்பர் நிக்கிற இடத்திலேயே கிழமாகும், என்னை மாதிரி." அப்புறம் இன்னொரு இடத்தைக் காட்டினார். "இந்தக் கடைசி எழுத்து என்ன? எச். இந்த டயர் தாங்கறதே மணிக்கு 210. அதுவும் புதுசா இருக்கும்போது. வித்தவன் விலை கம்மின்னு இதை மாட்டி உன் தலையிலே கட்டிட்டான். உன் பூட்டு இருக்கிறது 250-லே. டயர் செத்துப் போறது 210-லே. நீ எந்தப் பூட்டைடா திறக்கப் போறே?"

பையன் பேசலே. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் கணக்கு டீச்சர். கொஞ்சம் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க, பரீட்சை கிடையாது. 250-லே போற வண்டி ஒரு விநாடிக்கு 69 மீட்டர் ஓடும். நீங்க ஒரு தும்மல் போட்டு நிமிர்றதுக்குள்ளே கல்யாண மண்டபத்தைத் தாண்டிப் பந்திக்குப் போயிடும். சரி, நிறுத்தணுமே? 50-லே போற வண்டியை நிறுத்தும்போது பிரேக் எவ்வளவு சூட்டைத் தாங்குதோ, அதைப் போல 25 மடங்கு, 250-லே நிறுத்த. வேகம் அஞ்சு மடங்குதான் கூடுது, சூடு இருபத்தஞ்சு மடங்கு. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது தெரியாததில்லே. 1960-களிலேயே பாடியிலே பிரேக் செய்யற தொழிற்சாலையும் சக்கரம் செய்யற தொழிற்சாலையும் வந்தாச்சு. அம்பத்தூரிலே டயர். உலகத்துக்கே வண்டியை நிறுத்தக் கத்துக் கொடுத்த ஊருங்க எங்க ஊருங்க. அங்கே உட்கார்ந்துக்கிட்டு இவன் பூட்டை உடைக்கக் கிளம்பினான்!

(நடுவர்: அம்மா, எதிரணி ஒரு கேள்வி கேட்டாங்களே. சாலையிலே வரம்பு 60-ன்னா, 250-லே பூட்டுப் போட்டு யாரைக் காப்பாத்தப் போறீங்கன்னு? அதுக்குப் பதில் சொல்லுங்க.)

சொல்றேன் ஐயா. அது சரியான கேள்வி. 2023 நவம்பரிலே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கார்களுக்கு 60, குடியிருப்புத் தெருக்களிலே 30-ன்னு வரம்பு வச்சது. 60-லேயே ஆள் சாவான். 250-லே இருக்கிற பூட்டு எங்க சி.டி.எச். ரோட்டிலே ஒரு கோழிக்குஞ்சைக்கூடக் காப்பாத்தாது. ஒத்துக்கறேன். (சிரிப்பு) ஆனா அப்போ அதைத் திறந்து நீ என்ன செய்யப் போறே? அதைச் சொல்லு! ராத்திரி பதினோரு மணிக்கு வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலே, காலியா இருக்குன்னு... காலியா இருக்கா? விளக்கு இல்லாத டிராக்டர் வரும், எதிர்த் திசையிலே பைக் வரும், மாடு படுத்திருக்கும். அங்கே இவன் போன ராத்திரியெல்லாம் கேட் சத்தம் கேக்கிற வரைக்கும் நான் தூங்கினதில்லே ஐயா. அவங்கப்பா குறட்டை விடற மாதிரி நடிப்பார். நான் நடிக்கலே, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேகமே கூடாதுன்னு நான் சொல்லலே. 2007-லே ஜப்பானிலே நிசான் கம்பெனி ஜி.டி.ஆர். என்று ஒரு கார் விட்டாங்க. அதுக்கும் 180-லே பூட்டு. ஆனா அந்தக் கார் பந்தயத் திடலுக்குள்ளே நுழைஞ்சா, செயற்கைக்கோள் மூலமா இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் பூட்டைத் திறக்க அனுமதிக்கும். வெளியே வந்தா மறுபடி பூட்டு. நமக்கு அந்த மாதிரித் திடல் இல்லையா? பூவிருந்தவல்லியைத் தாண்டிப் போனா இருங்காட்டுக்கோட்டை. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 1990-லே இருந்து பந்தயம் நடக்குது. அதுக்கு முன்னாலே சோழவரத்திலே, உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்திலே நடந்தது. அங்கே ஹெல்மெட் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது, முக்கியமா மாடு கிடையாது. (சிரிப்பு) போய் ஓட்டு. டிக்கெட்டுக்கு நான் காசு தர்றேன்.

இனிமே சொல்லப்போறதை நான் சிரிக்கச் சொல்லலே.

2018-லே நான் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்திலே வேலை பார்த்தேன். நாங்க பத்துப் பதினோரு டீச்சர்கள் சேர்ந்து மாச வாடகைக்கு ஒரு வேன் வச்சிருந்தோம். ஆவடியிலே ஏறி, பருத்திப்பட்டு, சென்னீர்க்குப்பம் வழியா பூவிருந்தவல்லி போய், பெங்களூர் ரோட்டிலே ஏறும். 2015 அக்டோபரிலே இருந்து அந்த மாதிரி வாடகை வேன், பஸ், லாரிக்கெல்லாம் 80-க்கு மேலே போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேணும்னு விதி. பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு 60. கவர்னர்னு சொல்வாங்க. எங்க வேனிலேயும் இருந்தது.

காலையிலே ஒன்பது மணிக்கு ரெஜிஸ்டர் ஹெச்.எம். ரூமுக்குப் போயிடும். மூணு நாள் லேட்டா போனா அரை நாள் லீவு. பூவிருந்தவல்லி மேம்பாலத்துக்கிட்டே சிக்கினா அவ்வளவுதான். டிரைவர் அண்ணன் பெங்களூர் ரோட்டிலே 80-லே போவார். நாங்க பின்னாலே இருந்து, "என்னண்ணே, எறும்பு ஊர்ற மாதிரி போறீங்க? எல்லா வேனும் நம்மளைத் தாண்டிப் போகுது. அந்த டப்பாவைக் கழட்டி விடுங்கண்ணே." முதல்லே சொன்னது யாரு? நான்தான். அவர் ரெண்டு வாரம் மழுப்பினார். "வேணாம் டீச்சரம்மா, பிடிச்சா லைசென்ஸ் போயிடும்"னார். வேற வேன் பார்த்துக்கறோம்னு நாங்க சொன்னோம். அடுத்த திங்கட்கிழமை வேன் 100-லே போச்சு. நாங்க கை தட்டினோம் ஐயா.

ஐப்பசி மழை. தண்டலம் தாண்டி முன்னாலே ஒரு லாரி திடீர்னு நின்னது. அண்ணன் பிரேக் அடிச்சார். வேன் வழுக்கிக்கிட்டுப் போய் நடுச்சுவரிலே சாய்ஞ்சது. உயிருக்கு ஆபத்தில்லே. தமிழ் டீச்சருக்கு மணிக்கட்டு முறிஞ்சது. சாப்பாட்டு டப்பா எல்லாம் திறந்து, சாம்பார் சாதமும் கண்ணாடித் துண்டும் ஒண்ணா கிடந்தது. ஆய்வாளர் வந்து பார்த்தார். கவர்னர் ஒயர் அறுந்து தொங்குது. "யார் கழட்டினது?" "நான்தான் சார்"னார் அண்ணன். நாங்க பதினோரு பேரும் மழையிலே நின்னுக்கிட்டிருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கலே. அவருக்கு வேலை போச்சு, லைசென்ஸை ஆறு மாசம் நிறுத்தி வச்சாங்க.

அன்னைக்கு ராத்திரிதான் நான் கணக்குப் போட்டேன். பூவிருந்தவல்லியிலே இருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 80-லே போனா 15 நிமிஷம். 100-லே போனா 12 நிமிஷம். மூணு நிமிஷம் ஐயா! ஆறாம் வகுப்புக் கணக்கு. வருஷா வருஷம் கரும்பலகையிலே போடறேன். வேனிலே உட்கார்ந்து போடத் தெரியலே.

பையன்கிட்டே இதைச் சொன்னேன். ஆறு வருஷமா வீட்டிலே யாருக்கும் சொல்லாததை, அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கார் பக்கத்திலே நின்னு சொன்னேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? "அந்த டிரைவர் இப்போ எங்கேம்மா இருக்கார்?" எனக்குத் தெரியலே. தேடினதே இல்லே.

அம்பத்தூர் போக வேண்டிய வண்டி பூவிருந்தவல்லி பக்கம் போச்சு. நாலு பேரை விசாரிச்சு, நசரத்பேட்டையிலே கண்டுபிடிச்சோம். தண்ணி கேன் போடற ஒரு குட்டி யானை ஓட்டறார். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா, கை முறிஞ்சதே, அந்த அம்மா நல்லா இருக்காங்களா?"ன்னுதான் முதல்லே கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேற பக்கம் பார்த்துக்கிட்டு, "நீங்க சொன்னீங்க, ஆனா கழட்டினது என் கைதானே"ன்னார். எனக்கு அதுக்கு மேலே பேச்சு வரலே. டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க விடலே.

திரும்பி வரும்போது என் பையன் அறுபதுக்கு மேலே போகலே. நெடுஞ்சாலையிலே பின்னாலே வந்த லாரிக்காரரெல்லாம் ஹார்ன் அடிச்சுத் திட்டிட்டுப் போனாங்க. (சிரிப்பு) அடுத்த மாசச் சம்பளத்திலே நாலு டயர் வாங்கினான். அந்த விலைக்கு ஒரு பவுனு வாங்கியிருக்கலாம், போகட்டும். தாத்தாவைக் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போய், எழுத்தைத் தடவிப் பார்த்து, தேதியைத் தடவிப் பார்த்து வாங்கினான். பூட்டு அப்படியே இருக்கு. திருந்திட்டானான்னு என்னைக் கேக்காதீங்க. இந்தப் பட்டிமன்றத்துக்கு அவன்தான் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தான், அதோ மூணாவது வரிசையிலே உட்கார்ந்திருக்கான், எதிரணிக்கு என்னைவிட பலமா கை தட்டினான். நானும் பார்த்தேன். (சிரிப்பு) அதனாலே சாவியை வாங்கி என் கைப்பையிலே போட்டு வச்சிருக்கேன்.

நடுவர் மணியிலே கை வச்சுட்டார். உட்கார்ந்துடறேன்.