சிறையான ஊரும் ஊரான சிறையும்



சிறை என்றதும் நம் மனத்தில் எழுவது மதில். கடலூர் கேப்பர் மலையில் நிற்கும் மத்திய சிறையை அறியாதவர் இந்த அவையில் இலர். 1918 நவம்பரில் புதுவை எல்லையைக் கடந்துவந்த பாரதி கைதாகி அடைக்கப்பட்டது அங்கேதான். அவர் பொருட்டு அம்மதிலைப் போற்றுகிறோம். அதனுள் இன்றிருப்போரை நாம் பாடுவதில்லை.

மதில் இன்றியும் சிறை எழுப்பலாம் என்பதற்கு நம் பழைய தென்னாற்காடே சான்று. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைச் சட்டம் என்றனர் மக்கள். அதன்கீழ் நம் மாவட்டத்தில் அமைந்த குடியிருப்பு அசீஸ் நகர். இத்தகைய குடியிருப்புகளில் வீடு உண்டு, உழைப்பு உண்டு. ஆனால் பெயர் கூப்பிடும்போது முன்னிற்க வேண்டும், அனுமதிச் சீட்டின்றி வெளியேறலாகாது. செய்த குற்றம், அக்குலத்தில் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுதும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது.

இனி ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேருக்கு வாருங்கள். 1963 முதல் அங்கே ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. உயர்ந்த மதில் இல்லை. கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றோரும் மனைவி மக்களோடு வாழ்கின்றனர். வீடுகள் பலவற்றை அவர்களே கட்டிக்கொண்டனர். பகலில் வெளியே வேலை. மாலைக் கணக்கெடுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். தம் ஊதியத்தில் தம் குடும்பத்தைக் காக்கின்றனர். ஊர்க்காரியங்களுக்குக் கைதிகளின் பஞ்சாயத்தே உண்டு. (எம்.ஜி.ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' 1975-இல் வந்தது நினைவிருக்கும். அதன் மூலமான 1957-ஆம் ஆண்டு இந்திப் படத்துக்கு வித்திட்டது, ஔந்து சமஸ்தானத்தில் 1939-இல் தோன்றிய சுதந்திரபுரம் என்ற திறந்த சிறை.)

அசீஸ் நகரிலும் வீடு, சாங்கானேரிலும் வீடு. இரண்டிலும் பெயர்ப் பதிவு. செங்கல்லில் வேறுபாடில்லை. அங்கே குற்றமற்றவரையும் குடும்பத்தோடு கொண்டுவந்து குற்றவாளியாக்கினர். இங்கே குற்றவாளியிடம் குடும்பத்தைச் சேர்த்து அவனை மீண்டும் ஊராராக்குகின்றனர். நம் செராமிக் தொழிற்பேட்டைச் சூளைக்காரரைக் கேளுங்கள்: தீ மிகுந்தால் பாண்டம் உறுதிப்படாது, கோணிப்போகும் என்பார்.

சிவகங்கை மாவட்டத்துப் புரசடைஉடைப்பில் நமக்கும் ஒரு திறந்தவெளிச் சிறை உண்டு. அது பண்ணை, சாங்கானேரைப் போல ஊர் அன்று. இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். திறந்த சிறைக்குச் செல்வோர் தண்டனை பெற்று அதில் ஒரு பகுதியைக் கழித்தவர்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாத அவர்களுக்கோ மதில்தான்!

திறந்தவெளிச் சிறைகளின் பரப்பைக் குறைக்க முயலக்கூடாது என 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இருக்கும் நிலத்தைக் காக்கவே நீதிமன்றம் வரவேண்டியிருக்கிறது. புதிதாக நிலம் யார் தருவர்? நம் மணிமுத்தாற்றங்கரையில் இப்படியோர் ஊர் அமையப்போகிறது என்றால், எதிர்ப்பு மனுவில் முதற் கையொப்பம் யாருடையது? என்னுடையதாகவே இருக்குமோ என்ற அச்சத்தோடுதான் இதை உங்கள்முன் பேசினேன்.