பாலைவனத்துத் திருவிழாவில் நம் வன்னி மரம்

(சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ராஜஸ்தான் பாலைவனத்து விழாக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உடனே எல்லோர் மனத்திலும் புஷ்கர்தான் வரும். கார்த்திகை மாத ஏகாதசி முதல் பௌர்ணமி வரை ஏரியில் ஸ்நானம், பிரம்மா கோயில் தரிசனம், மணல்மேட்டில் ஒட்டகச் சந்தை. 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019-ல் இரண்டரை லட்சமாகிவிட்டன. சந்தையிலும் அது தெரிகிறது. இப்போது அங்கே குதிரை வியாபாரம்தான் கொழிக்கிறது. அதே பௌர்ணமியில் பிகானேர் பக்கம் கோலாயத்தில் கபில முனிவர் பெயரால் ஒரு மேளா நடக்கிறது. ஸாங்கிய தரிசனம் தந்த மகான். ஆனாலும் நம்மவர்கள் புஷ்கரோடு திரும்பிவிடுகிறார்கள்.

பொக்ரான் அருகே ராம்தேவ்ராவில் பாத்ரபத மாதம் வளர்பிறையில் லட்சக்கணக்கானோர் கால்நடையாகவே வந்து கூடுகிறார்கள். பாபா ராம்தேவ் ராஜபுத்திர குலத்தவர். முஸ்லிம்கள் அவரை ராம்ஷா பீர் என்று வணங்குகிறார்கள். அவருடைய பக்தையான, மேக்வால் சமூகத்தைச் சேர்ந்த டாலி பாயின் சமாதியும் அங்கேயே இருக்கிறது. பக்தர்கள் துணியால் செய்த குதிரை பொம்மையைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, அதே வளர்பிறையில், விநாயக சதுர்த்திக்கு ஆறு நாள் கழித்து வரும் தசமியன்று, ஜோத்பூருக்குத் தென்கிழக்கே கேஜட்லி என்ற கிராமத்தில் நடக்கும் மேளாவைப் பற்றி. கேஜ்டி என்பது மரத்தின் பெயர். சம்ஸ்கிருதத்தில் சமீ, தமிழில் வன்னி. சதுர்த்தியன்று பிள்ளையாருக்கு 21 பத்திரங்களில் ஒன்றாக நாம் அர்ச்சிக்கிறோமே, அதே வன்னி! பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம். நவக்கிரக ஹோமத்தில் சனி பகவானுக்குரிய சமித்து. விருத்தாசலத்தில் ஸ்தல விருட்சம்.

நமக்கு அது பூஜைப் பொருள். மணல் நாட்டாருக்கு ஜீவாதாரம். ஆழமாக வேர் விடுவதால் கொளுத்தும் கோடையிலும் தழைக்கும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காய் சாங்க்ரி என்ற பெயரில் சமையலுக்கு வரும். உலர்த்தி வைத்தால் வருஷம் முழுக்கத் தாங்கும். (கல்யாண விருந்தில் கேர்-சாங்க்ரி சாப்பிட்டவர்கள் சாப்பிட்டது வன்னிக் காய்தான்.) மண்ணுக்கு உரம் சேர்ப்பதால், மரத்தடியில் கம்புப் பயிர் நன்றாக வரும் என்று உழவர்கள் வயல் நடுவே விட்டுவைப்பார்கள்.

1485-ல் ஜாம்போஜி என்ற குரு 29 நியமங்களை வகுத்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்து பிஷ்னோய் என்று பெயர். பச்சை மரத்தை வெட்டாதே என்பது அவற்றுள் ஒன்று. விறகு செலவாகும் என்பதால் இறந்தவர்களைத் தகனம் செய்யாமல் புதைக்கிறார்கள். வைதிகமான நமக்கு முதலில் திடுக்கென்றிருக்கும். காரணம் தெரிந்தபின் பேச வாய் வராது.

1730-ல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. ஆட்கள் கோடரியோடு கேஜட்லிக்கு வந்தார்கள். அம்ருதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு, தலை போனாலும் மரம் நிற்கட்டும் என்றாள். தலை போயிற்று. அவளுடைய மூன்று பெண்களும் அப்படியே மாண்டார்கள். செய்தி கேட்டு சுற்றுக் கிராமத்து பிஷ்னோய்கள் வந்து மரத்துக்கு ஒருவராய் நின்றார்கள். மொத்தம் 363 பேர். ராஜா வருந்தி, பிஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை விதித்தார். அந்தத் தசமியில்தான் மேளா. பெண்கள் சிவப்புப் புடவை, கனத்த தங்க நகைகளோடு வருவார்கள்; நெய்யும் கொப்பரையும் இட்டு ஹோமம் நடக்கும். துக்க நாளைக் கல்யாணம் போலக் கொண்டாடுகிறார்கள்!

1983-ல் கேஜ்டியை மாநில மரமாக அறிவித்தார்கள். ஆனால் பிகானேர் பகுதியில் சூரிய மின்சாரப் பண்ணைகளுக்காக ஏராளமான கேஜ்டிகள் வெட்டப்படுவதாக 2024 முதல் கிளர்ச்சி நடந்துவருகிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மரத்துக்கு விதித்த முதல் அபராதம் வெறும் 100 ரூபாய் என்று போராடியவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நிலக்கரியைக் குறைக்கச் சூரிய மின்சாரம் வேண்டும்தான், நானும் மறுக்கவில்லை. கண்ணாடிப் பலகைகளின் மேல் நிழல் விழக்கூடாது என்று நிழல் தரும் மரத்தை வெட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. மரமில்லாத தரிசு அங்கே நிறையவே இருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜாம்போஜியின் சமாதி நோக்கா அருகே முகாம் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு இரண்டு மேளா, இரண்டும் அமாவாசையில். ஒன்று மகாசிவராத்திரியை ஒட்டி வருவது, மற்றது நம் மகாளய அமாவாசை. மகாளயத்தன்று தர்ப்பணத்தை விட்டு யாரும் கிளம்பமாட்டீர்கள் என்பதால், சிவராத்திரி அமாவாசையே சௌகரியம். அப்போது குளிரும் குறைந்திருக்கும். நோக்காவுக்கு பிகானேரிலிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.